புக்கிட் பாத்தோக்கில் ஆநிரை

காணாமற்போனது ஒன்றுதான்.
நீலச் சைக்கிள். முன்கூடை நசுங்கியது.
மணியை அழுத்தினால் இருமும்.
கீழ்த்தளத்தில் கட்டிக்கிடந்த நாற்பதில்
அதை ஒருவன் தேர்ந்தானே என்று
முதலில் வியப்பு,
பிறகுதான் கோபம்.

ஆறு நாள் ரயிலுக்கு நடந்தேன்.
ஏழாம் நாள் நகர மன்றத்து ஆட்கள்
வேலி வெட்ட வந்தார்கள்.

இட்லிப்பூ வேலி.
கார் நிறுத்துமிடத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே
இடுப்புயரச் சிவப்பு.
மாதம் ஒருமுறை தலை மழிப்பார்கள்.
கொஞ்ச நாளில் மறுபடியும்
தீக்குச்சிக் கட்டுபோல் மொட்டு நீட்டும்.
அதன் பிடிவாதம் எனக்கு இருந்திருந்தால்
இந்நேரம் மேற்பார்வையாளன் ஆகியிருப்பேன்.

இயந்திரம் இரும்பில் பட்டுக் கத்தியது.
ஷஃபிக்குல் அதை அணைத்துவிட்டுக் குனிந்தார்.
"பாஸ், சைக்கிள்."
இலைகளுக்குள் என் நீலம்.
உள்ளே மறைந்திருந்த கம்பியோடு சேர்த்து
யாரோ போட்ட புதுப் பூட்டு.
சைக்கிளைவிட விலை கூடிய பூட்டு.

போலீசுக்குச் சொல் என்றாள் சௌந்தரி.
ரசீது கேட்பார்கள்.
விற்றவர் செங்காங்குக்கு வீடு மாறி
நான்கு வருடம்.
பகலில் பூட்டை அறுத்தால்
பத்துக் கைப்பேசி படம் பிடிக்கும்.
குழாய் வேலை செய்யும் ஆ ஹெங்கிடம்
வெட்டுக்குறடு இரவல் வாங்கினேன்.
காலையில் திரும்ப வேண்டும் என்றார்,
வேறொன்றும் கேட்கவில்லை.

மூன்று மணிக்காகக் காத்திருந்தபோது
நான்காம் மாடித் தாழ்வாரத்தில் நின்று
அந்தச் செடியைக் கைப்பேசியில் தேடினேன்.
இக்ஸோரா.
ஒரே பேரினம், ஐந்நூறு இனங்களுக்கு மேல்.
மஞ்சள் உண்டாம், வெள்ளை உண்டாம்,
மரமாகவே வளர்ந்துவிடுவதும் உண்டாம்.
கடைசியில், சிறிய எழுத்தில்:
தமிழில் வெட்சி.

வெட்சியா?

உயர்நிலை மூன்றில் உருப்போட்டது.
நிரை கவரப் போகிறவன் வெட்சி சூடுவான்.
நிரை மீட்கப் போகிறவன் கரந்தை.
தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதி
நான்கு மதிப்பெண் போயிற்று.
புத்தகத்தில் படம் இல்லை.
பள்ளி வாசலில் இதே பூவைக் காம்பிலிருந்து உருவி
தேன் உறிஞ்சிவிட்டுத்தான்
தேர்வறைக்குள் போயிருப்பேன்.

வேலிக்குள் தலையை விட்டேன்.
பூவுக்குள் முசுறு கூடு கட்டியிருந்ததை
அது சொல்லித்தான் தெரிந்தது,
கழுத்தில், காதுமடலில்,
சொல்ல முடியாத ஓரிடத்தில்.
கத்தவும் முடியாது.
பழைய வீரர்களை எறும்பு கடித்ததா என்று
எந்த ஆசிரியரும் சொன்னதில்லை.

பூட்டு விட்டுக்கொடுத்த சத்தத்துக்கு
நடைபாதையில் ஒரு காலடி நின்றது.
ரொஹாயா.
மருத்துவமனையில் இரவு வேலை முடித்து
கையில் காலணியோடு வந்தவர்.
"என்னுடையதுதான்" என்றேன்,
முட்டிபோட்டபடி, குறடும் கையுமாக.
"எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்" என்று
மின்தூக்கிப் பக்கம் போய்விட்டார்.

அறுந்த பூட்டை வேலியிலேயே மாட்டினேன்.
அவன் காசு, அவனுக்கு.

கதவைத் திறந்த சௌந்தரி
சைக்கிளைப் பார்க்கவில்லை.
"தலையில் என்ன?"
ஒவ்வொன்றாக எடுத்துச்
சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.
நாலிதழ், நாலிதழ், நாலிதழ்.
பதினொன்று.

மீட்கத்தான் போனேன்.
கரந்தையை இந்த வட்டாரத்தில் பார்த்ததே இல்லை,
எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாது.
இருக்கிற பூவைத்தானே சூட முடியும்?
இன்னொரு முறை மாற்றி எழுதியிருக்கிறேன், ஐயா,
இதற்கும் நான்கு குறைத்துக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன்.
பூட்டைக் காணோம்.
மழித்த வேலியில்,
கத்தி எட்டாத உள்கிளையில்,
தேன்சிட்டு ஒன்று தலைகீழாகத் தொங்கி
யாரையும் கேளாமல்
குடித்துக்கொண்டிருந்தது.